என் ஹாலைத் தேடித் திருவண்ணாமலைக்கு

சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் நின்றேன். திருவண்ணாமலை பஸ் காலியாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா சீட்டிலும் துண்டு, பை, தண்ணீர் பாட்டில். அன்று பௌர்ணமி என்பதை நான் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். கிரிவலம் போகிறவர்கள் ஜன்னல் வழியாக இடம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் ஒரு துண்டை மடித்துப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். துண்டுக்காரர் வந்து, அது அவர் இடம் என்றார்.

"துண்டு டிக்கெட் வாங்கிச்சா?" என்று கேட்டேன்.

அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் வேறு பக்கம் பார்த்தார். பஸ் கிளம்பியது.

நான் சாமி கும்பிடப் போகவில்லை. வீட்டு ஹாலை எப்படி அமைப்பது என்று பார்க்கப் போனேன். காட்பாடியில் எங்கள் புது வீடு பூச்சு வேலை முடிந்து நிற்கிறது. பாதி என் வீட்டுக்காரரின் சம்பளம், பாதி என் தையல் மிஷின். பதினெட்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். என் கொழுந்தனார் ஒரு டிசைனரைக் கூட்டிவந்தார். அந்தப் பையன் கம்ப்யூட்டரில் எங்கள் ஹாலைப் படமாகக் காட்டினான். சுவர் முழுக்க டிவி அலமாரி, ஃபால்ஸ் சீலிங், அதற்குள் நீல விளக்கு, வெள்ளை சோபா, யாரும் பூ வைக்காத ஒரு பூச்சாடி. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். என் மிஷின் எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் மேடம் என்றான். அங்கே வெளிச்சம் கிடையாது. குழாய்த் தண்ணீர் தெறிக்கும். வீட்டைக் கட்டிய மிஷினுக்கு வீட்டில் இடமில்லை.

நான் போட்ட சண்டையை இங்கே எழுதவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார்: "மிஷினையும் வச்சிக்கினு பாக்க லட்சணமாவும் கீற ஒரு ஊட்டைக் காட்டு. அதையே செஞ்சிடலாம். திங்கக்கிழம ஆசாரி வராரு." என்னால் காட்ட முடியாது என்று நினைத்துத்தான் சொன்னார்.

எனக்கு இரண்டு நாள் இருந்தது. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பக்கம் இருக்கும் காபிக் கடைகளின் உள் அலங்காரத்தை என் மகள் போனில் காட்டியிருந்தாள். கூடவே என்னோடு படித்த கலா வேங்கிக்காலில் புது வீடு கட்டியிருக்கிறாள். இரண்டையும் பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன்.

கண்ணமங்கலம், போளூர் வழியாக எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். போளூரில் கூட்டம் படிக்கட்டு வரை தொங்கியது. துண்டுக்காரர் என் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழு தூரமும் நின்றார். ஊர் நெருங்கியதும் மலை தெரிந்தது. பஸ்ஸே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். டிசைனருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு முன்பே இறங்கினேன். செங்கம் சாலைக்குப் போக ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். மற்ற நாளில் என்ன வாங்குவீர்கள் என்றேன். "பௌர்ணமிக்கா. இன்னிக்கு மலைக்கே ரேட்டு ஜாஸ்தி" என்றார். நூற்று இருபதுக்கு வந்தார். மலை சுற்ற வந்தீர்களா என்று கேட்டார். இல்லை, வீட்டுக்கு அலமாரி பார்க்க வந்தேன் என்றேன். அதற்குப் பிறகு வழி முழுக்க அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

காபிக் கடை மாடியில் இருந்தது. படத்தில் பார்த்தது போலவே அழகு. பழைய வாசக்கதவைப் படுக்கப்போட்டு மேலே கண்ணாடி வைத்து மேசையாக்கியிருந்தார்கள். நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். சுவரில் வரிசையாக ஐந்து முறம். ஒன்றில்கூட ஒரு நாளும் அரிசி புடைத்திருக்க மாட்டார்கள். விளிம்பு அப்படிப் புதிதாக இருந்தது. காபி நூற்று எண்பது ரூபாய், தம்ளரில் பாதிக்கு நுரை.

மேசைக்கு அடியில் கால் நீட்ட முடியவில்லை. கதவின் தாழ்ப்பாள் முட்டியில் இடித்தது. தாழ்ப்பாளைக் கழற்றியிருக்கலாமே என்று அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டேன். அதுதான் இதன் அழகே என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னல் ஓரம் ஒரு வெள்ளைக்காரம்மா கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அவளுடைய நூல்கண்டுகள் மேசை முழுக்கக் கிடந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை. காலை வெயில் அவற்றின் மேல் விழுந்தது. அந்தக் கடையில் கண் நிறையப் பார்க்கத் தகுந்த ஒரே மூலை அதுதான். அதைக் கடைக்காரர்கள் அலங்கரிக்கவில்லை. அவள் வேலை செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

மதியம் வேங்கிக்கால் போனேன். கலா அரசு அலுவலகத்தில் எழுத்தர். வாசலிலேயே கட்டிப்பிடித்தாள். உள்ளே போனேன். டிசைனர் காட்டிய அதே படம். அதே டிவி அலமாரி, அதே நீல விளக்கு, பூ இல்லாத அதே பூச்சாடி. சோபாவின் மேல் கடைக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உட்கார்ந்தேன். கை ஒட்டிக்கொண்டது. எழுந்தபோது சத்தம் வந்தது. கலாவின் வீட்டுக்காரர் தங்கமான மனிதர்தான், ஆனால் நான் எழுந்ததும் வந்து உறையின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

சாப்பாடு அடுப்படித் தரையில். கலாவின் பிள்ளைகள் பாடம் படித்ததும் அங்கேதான். டிவியை விட்டுவிட்டு அடுப்படியில் போனில் சீரியல் பார்த்தார்கள். ஆறு பேர் பத்தடிக்கு எட்டடியில் குந்தியிருக்க, ஹால் வெளியே தனியாக நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ஏன்டி இப்படி என்று கேட்டேன். கலா வீட்டுக்காரர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பாத்துப் பாத்துக் கட்டனோம்டி. இப்ப பாத்துக்கினு மட்டும்தான் கீறோம்."

இரண்டு வருடத்தில் நானும் இப்படித்தான் பின்பக்கம் வாஷிங் மெஷினோடு உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது. ஒரு நாள் போய்விட்டது. காட்டுவதற்கு என்னிடம் ஒரு வீடும் இல்லை. கலாதான் யோசித்துச் சொன்னாள், கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தன் நாத்தனார் அமுதா வீட்டைப் பார்க்கலாம் என்று. அந்த வீட்டைப் பற்றிக் குடும்பத்தில் எல்லோரும் சிரிப்பார்களாம். சிரித்தால் பரவாயில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் செஞ்சி பஸ்ஸில் ஏறினோம். பதினெட்டு கிலோமீட்டர். இரவெல்லாம் மலை சுற்றியவர்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி சீட்டில் தூங்கினார்கள். கீழ்பென்னாத்தூரில் இறங்கிக் கடைத்தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தோம். வெளியில் இருந்து பார்த்தால் சாதாரண மாடி வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே கால் வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்படி ஒரு ஹாலை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. தரை முழுக்க மெருகு ஏற்றாத கறுப்புக் கடப்பா கல். சுவர் இடுப்பு உயரம் வரை செங்கல் சிவப்பு, அதற்கு மேல் சுத்த வெள்ளை. மேலே ஒன்றும் இல்லை, சிமெண்ட் தளம் அப்படியே. ஹாலின் நடுவில் முழங்கால் ஆழத்துக்குச் சதுரமாக ஒரு பள்ளம். பள்ளத்தில் விதைக்கடலை குவியல். ஏழெட்டுப் பெண்கள் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கப்போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடிப்பட்டத்துக்கு விதைக்கும் கடலை. மிஷினில் போட்டால் பருப்பு அடிபடும், அதனால் கையால்தான் உடைப்பார்கள். குவியலுக்கு மேலே நீளமான ஒயரில் மூன்று விளக்கு, தலைக்குச் சற்று மேலே இறங்கியிருந்தது. கறுப்புத் தரை, சிவப்புச் சுவர், நடுவில் மஞ்சளாகக் கடலை, சுற்றிலும் புடவைகள். நான் பேச்சற்று நின்றது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

அமுதா என்னைவிடப் பத்து வயது பெரியவர், குரல் என்னைவிடப் பெரியது. வந்தவர்களை வாங்க என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு முறம் கடலையைத் தள்ளினார். உடைத்துக்கொண்டே அந்த ஹாலின் கதையைச் சொன்னார்.

முதலில் அவர்களும் ஃபால்ஸ் சீலிங்தான் போட்டார்களாம். பளபள டைல்ஸ், நீல விளக்கு, எல்லாம் உண்டு. ஆனால் அறுவடை ஆனால் மூட்டைகள் எங்கே போகும்? ஹாலுக்குத்தான் வரும். எலிகள் மூட்டையிலிருந்து கடலையை எடுத்து ஒயர் போகும் ஓட்டை வழியாக மேலே கொண்டுபோய் சீலிங்குக்குள் சேர்த்திருக்கின்றன. ஒரு போகம் முழுக்கச் சேர்த்திருக்கின்றன. மகளைப் பெண் பார்க்க செஞ்சியில் இருந்து வந்தார்கள். கேசரி கொடுத்து, மின்விசிறியை வேகமாக வைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தலைக்கு நேராக சீலிங் பிய்ந்தது. கடலை, தோல், சுண்ணாம்பு, ஒரு உயிருள்ள எலி, எல்லாம் அவர் மடியில்.

"அப்புறம் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிதே. கூரையிலேர்ந்து கடலை கொட்டற ஊடு, வசதியான குடும்பம்தான்னு அந்த மாமனே சொல்லிட்டாரு."

பெண்கள் சிரித்தார்கள். இந்தக் கதையை அவர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள், இருந்தும் சிரித்தார்கள். கல்யாணம் முடிந்த கையோடு அமுதா சீலிங்கை முழுக்கப் பிடுங்கிப் போட்டாராம். டைல்ஸையும் பெயர்த்தாராம். வீட்டுக்காரர் குறுக்கே நின்றிருக்கிறார். நாலு பேர் வந்துபோகிற ஹால் லட்சணமாக இருக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். அமுதா திருப்பிக் கேட்டதை எனக்கும் அப்படியே சொல்லிக் காட்டினார்:

"வருசத்துக்கு எத்தினி நாளு இந்த ஹால்ல விருந்தாளி உக்கார்றான், எத்தினி நாளு கடலை உக்காருது? கடலைக்குக் கட்டு. விருந்தாளி வந்தா கடலை பக்கத்துல உக்காரட்டும்."

அதைக் கேட்டதும் என் கை நின்றது. என் ஹாலில் வருடத்துக்கு எத்தனை நாள் விருந்தாளி, எத்தனை நாள் ஜாக்கெட்? இந்தக் கேள்வியை எங்களில் யாருமே கேட்கவில்லை. நானும்தான். மிஷினை எந்த மூலையில் ஒளித்து வைப்பது என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தைக் கட்டியதால் கடலை வீடு முழுக்க உருள்வதில்லை. சிவப்புச் சுவரில் எத்தனை முதுகு சாய்ந்தாலும் துடைத்தால் போயிற்று. கடலை இல்லாத மாதங்களில் பள்ளத்தின் மேல் பலகை போட்டு மெத்தை விரித்தால் பத்துப் பேர் உட்காரலாம். விளக்கை மேலே சுருட்டிக் கொக்கியில் மாட்டிவிடலாம். நான் கைப்பையில் இருந்து அளவு டேப்பை எடுத்தேன். விளக்கின் உயரத்தை அளந்தேன், சிவப்பு ஏறும் உயரத்தை அளந்தேன், விளிம்பில் உட்கார்ந்தவர்களின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க விட்ட இடத்தை அளந்தேன்.

"ஏம்மா வேலூரு, எங்க ஊட்டுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறியா?" என்றார் அமுதா.

"இல்லக்கா. உங்க ஜாக்கெட்ட பாத்து எனக்கு ஒண்ணு வெட்டிக்கப் போறேன்."

மதியம் அவர் ஆக்கிப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, ஒரு பை வறுத்த கடலையோடு கிளம்பினேன். திருவண்ணாமலையில் இறங்கி வேங்கிக்காலுக்கு ஆட்டோ ஏறும்போது கலா, அண்ணி வீட்டைப் பார்த்து இத்தனை வருடம் நானும்தான் சிரித்தேன் என்றாள்.

வேலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. போளூர் தாண்டும்போது என் வீட்டுக்காரர் போன் செய்தார். ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன். எந்தக் கடையில் என்றார். ஒரு எலி போட்ட டிசைன் என்றேன். பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் புது வீட்டில் எல்லோரும் கூடினார்கள். கொழுந்தனார், டிசைனர், ஆசாரி, என் வீட்டுக்காரர். என்னிடம் காட்டப் படம் கிடையாது. துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியை எடுத்து, வெறும் சிமெண்ட் தரையில் குந்தி முழு அளவில் வரைந்தேன். நடுவில் ஆறடிக்கு நாலடி மேசை, இடுப்பு உயரம். பகலில் துணி வெட்ட, ராத்திரி சாப்பிட. மேலே இறக்கி ஏற்றுகிற விளக்கு. தெரு ஜன்னல் ஓரம் இரண்டு மிஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று. டிவிக்குச் சொன்ன சுவரில் மெல்லிய பலகைகள், அதில் என் நூல்கண்டுகள், நிறம் நிறமாக, கதவில் நின்றால் முதலில் கண்ணில் படும்படி. சுவரின் அடிப்பாதி அடர் நீலம். சீலிங் வேண்டாம்.

டிவி எங்கே என்றார் கொழுந்தனார். படுக்கையறையில் என்றேன். டிசைனர் பையன் மரியாதையாகத்தான் கேட்டான், வருகிறவர்கள் நுழைந்ததுமே மிஷினைத்தானே மேடம் பார்ப்பார்கள் என்று.

"பாக்கட்டும். அதப் பாக்கத்தான் வர்றாங்க."

நான் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் டேப்பை வைத்தேன். என் கை மறுபக்கம் எட்டவில்லை. அவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். "எவ்ளோ உயரம் சொன்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஆசாரி காதில் இருந்த பென்சிலை எடுத்தார்.

இப்போது அந்த ஹாலில்தான் இருக்கிறேன். காலையில் கிழக்கு வெயில் நேராக நூல் அலமாரியில் விழுகிறது. அந்த நேரத்துக்கு நூற்று எண்பது ரூபாய் காபிக் கடை பக்கத்தில் வர முடியாது. ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் போன வாரம்கூட அலமாரி முன்னால் நின்று படம் எடுத்தார்கள். டிசைனர் பையனும் வந்து படம் எடுத்து, தான் செய்ததாக மற்றவர்களுக்குக் காட்டுகிறான் என்று கேள்வி. காட்டட்டும். அப்படியென்றால் மூன்றாவது பலகை கோணலாக இருப்பதும் அவன் செய்ததுதான்.

திருவண்ணாமலைப் பக்கம் மூன்று ஹால் பார்த்தேன். ஒன்று விற்பதற்காக அழகாக இருந்தது, ஒன்று பயந்துபோய் அழகாக இருந்தது, ஒன்றுக்கு அழகைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. வீடு கட்டுகிறவர்கள் மூன்றாவதைப் போய்ப் பாருங்கள். அமுதா முறத்தோடு வருவார், தயாராகப் போங்கள்.

கலா போன மாதம் வந்தாள். வெட்டு மேசையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். ஊருக்குப் போன மறுநாள் போன் செய்தாள். பின்னால் அவள் வீட்டுக்காரர் கத்துவது கேட்டது. என்னடி சத்தம் என்றேன்.

"ஒண்ணுமில்லடி. உறையைக் கிழிச்சிட்டேன். சோபாவுல படுத்துக்கினுதான் பேசறேன்."