காலருக்கு மட்டும் நான் பொறுப்பு

போன மாதம் ஒரு சட்டை வாங்கினேன். வெள்ளைச் சட்டை. விலையை இங்கே எழுதப் போவதில்லை. இந்தப் பத்தியை வாரா வாரம் தவறாமல் படிக்கிற வாசகர்களில் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். பெயர் ஜெயா. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆகிறது.

வாங்க வேண்டும் என்று போகவில்லை. வேளச்சேரியில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே ஒரு மால். ஏ.சி.க்காகத்தான் உள்ளே போனேன்... சத்தியமாக.

அந்தக் கடையில் மொத்தமே முப்பது, நாற்பது சட்டைகள்தான். ஒரு சட்டைக்கும் அடுத்த சட்டைக்கும் நடுவில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவு இடம். மங்கலான வெளிச்சம், எங்கிருந்தோ எலுமிச்சம்பழ வாசனை. சுவரில் பெரிய படம். அதில் ஒரு வெள்ளைக்காரர் இதே சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் சாய்ந்திருந்தார். அவருக்கு எதைப் பற்றியும் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

சட்டையைத் தொட்டேன். தொட்டவன் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தது நான்தான் — ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத தெருவில் வசிக்கிற நான். குரோம்பேட்டைக்காரனுக்கு இதைவிடப் பெரிய கனவு என்ன இருக்க முடியும்? கண்ணாடியில் தெரிந்த அந்த மனிதரைக் கடையிலேயே விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

கவுன்ட்டரில் மொபைல் நம்பர் கேட்டார்கள். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய நம்பரை வாய் தானாகச் சொன்னது. பார்க்கிங்கில் நின்று விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து, நிஜ விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சொன்னேன். ‘தள்ளுபடி’ என்று ஒரு வார்த்தையையும் கூடச் சேர்த்துக்கொண்டேன். ஜெயா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பரவாயில்லையே” என்றாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மனைவியிடம் விலையைக் குறைத்துச் சொல்லாத கணவர்கள் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். மனைவிமார்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். புடவை விஷயத்தில் எங்களுக்கு இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்ததே நீங்கள்தான்.

ஒரு முறை போட்டேன். துவைத்து, இஸ்திரிக்குப் போட்டேன். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் தெருமுனை வாதாம் மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஏழுமலை. பதினோரு வருஷமாக இந்தத் தெருவின் துணிகள் அத்தனையும் அவர் கையில்தான் சூடு வாங்குகின்றன. யார் வீட்டில் யார் இளைத்தார்கள், யார் வேலையை விட்டார்கள் என்பதெல்லாம் சட்டையை வைத்தே சொல்லிவிடுவார். அவர் மனைவி ரேவதி, சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். சாயங்காலம் கம்பெனி விட்டு வந்ததும், தேய்த்த துணிகளை மூட்டை கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது ரேவதிதான்.

மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஏழுமலை கையில் என் வெள்ளைச் சட்டை மட்டும் தனியாக, ஒரு ஹேங்கரில் தொங்கியது. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுத் துணி எதற்கும் கிடைக்காத மரியாதை அது. எங்கேயோ கருக்கிவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் ஜோடியாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இந்தச் சட்டை இன்னா வெல?” என்றார் ஏழுமலை.

சரியாக அந்த நேரம் பார்த்து ஜெயா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

எதற்குக் கேட்கிறீர்கள் என்று நேரத்தை ஓட்டினேன். விஷயத்தை ரேவதி சொன்னார். கம்பெனியில் அவருக்குக் காலர் வேலை. கை தைப்பவர் கை மட்டும், பாக்கெட் தைப்பவர் பாக்கெட் மட்டும். ரேவதி ஏழு வருஷமாகக் காலர், காலர், காலர். ஒரு முழுச் சட்டையை அங்கே யாருமே தைப்பதில்லை — ஒரே ஒரு இடம் தவிர. சாம்பிள் செக்‌ஷன். ஆர்டர் எடுக்கும் முன்பு வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட, ஒரு சட்டையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே ஆள் தைக்க வேண்டும். அந்த வேலைக்கு ரேவதியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த யூனிட் பொத்தேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் காலையில் சீக்கிரம் போனால், திரும்பி வர எட்டு மணி ஆகும். வருகிறேனா இல்லையா என்று மறுநாள் திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும்.

ஏழுமலைக்கு இஷ்டமில்லை. சாயங்காலம் துணியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. காலர் தைத்தால் என்ன, முழுச் சட்டை தைத்தால் என்ன, இதெல்லாம் ஒரு பெரிய வித்தையா என்பது அவர் கேள்வி. தாங்கள் தைக்கிற சட்டை கடையில் இன்ன விலைக்கு விற்கிறது என்று ரேவதி சொன்னதை அவர் ஒரு நாளும் நம்பியதில்லையாம்.

“இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத சட்டையா சார்? நானும் பதினோரு வருசமா தேய்ச்சிகினு கீறேன். இவ ஒரு வெல சொல்றா பாருங்க... அந்தத் துட்டுக்கு எவனும் சட்ட வாங்க மாட்டான்.”

எவனும் என்று சொன்னது என்னைத்தான். அது அவருக்குத் தெரியாது.

முந்தின நாள் சாயங்காலம் மூட்டை கட்டும்போது ரேவதி இந்தச் சட்டையைப் பார்த்திருக்கிறார். காலரின் உள்பக்கம் ஓடுகிற இளநீலக் கோட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் காலரை அவர் லைனில் மூன்று மாதம் ஓட்டினார்களாம். தைத்தது இரண்டே பேர்.

ரேவதி காலர் முனையைத் திருப்பி என் மூக்குக்கு நேரே காட்டினார். “முனைல திரும்புற எடத்துல பாருங்க சார். குறுக்கால சின்னதா ஒரு தையல் கீதா? கூடத் தைக்கிற கலா அப்படியே திருப்பிடும். இந்தத் தையல் போடாது. இது என் கை.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இருந்தது. எள்ளில் பாதி அளவு, ஒரே ஒரு சாய்ந்த தையல்.

நான் வாயைத் திறக்கும் முன் ஜெயா முந்திக்கொண்டாள். தள்ளுபடியில் வாங்கியது, இவ்வளவுதான் விலை என்று நான் அவளுக்குச் சொன்ன அந்த மூன்றில் ஒரு பங்கைச் சொன்னாள்.

ஏழுமலை ரேவதியைத் திரும்பிப் பார்த்தார். ரேவதி காலரை மெல்ல விட்டார். பிடித்த இடத்தில் மடங்கியிருக்கிறதா என்று விரலால் ஒரு முறை நீவிவிட்டார்.

“அப்ப நான்தான் ஏதோ தப்பாக் கேட்டிருப்பேன் போல, அக்கா” என்றார். படி இறங்கத் திரும்பினார்.

வாசகர்களே, ஒரு பொய்யை எத்தனை நாள் வேண்டுமானாலும் சுகமாக வைத்துக்கொண்டிருக்கலாம். அது இன்னொருத்தர் முகத்தில் போய் விழுவதைக் கண்ணால் பார்க்காதவரை. ஏழு வருஷம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த பெண், என் பார்க்கிங் சாமர்த்தியத்தால் சொந்தப் புருஷன் முன்னால் பொய்க்காரியாகி நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

“ரேவதி, நில்லும்மா. விலை அது இல்லை” என்றேன். ஜெயாவைப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிஜ விலையைச் சொன்னேன். முழுசாக, சில்லறையோடு.

ரேவதி சொல்லி வந்த விலைக்கும் நான் சொன்னதற்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பது ஏழுமலை முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. அவர் ஹேங்கரைச் சட்டென்று இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். சட்டை லுங்கியில் படாமல் தள்ளிப் பிடித்தார். “இத்தப் போயி பெட்ஷீட்டோட சேத்து மூட்ட கட்டி வெச்சிருந்தேனே சார்” என்றார்.

பிறகு காலர் முனையை விரலால் திருப்பிப் பார்த்தார். ரேவதி பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“காலைல எத்தினி மணிக்குப் பஸ்ஸு?”

ரேவதி சொன்னார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். இத்தனை விலை நியாயம்தானா, நீயே சொல் என்றேன். ரேவதி யோசித்துத்தான் பதில் சொன்னார். “அதுல காலருக்கு மட்டும்தான் சார் நான் பொறுப்பு. காலர் நல்லாதான் கீது. மீதிய மத்தவங்களத்தான் கேக்கணும்.”

அவர்கள் போனதும் ஜெயாவிடமிருந்து தப்பிக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். சாப்பாட்டுக்கு இறங்கி வந்து தலையைக் காட்டிவிட்டு, சாயங்காலம் மறுபடியும் ஏறிவிட்டேன்.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் திருநீர்மலை தெரியும். அதற்கு மேலே விமானங்கள் ஒவ்வொன்றாக மீனம்பாக்கத்துக்கு இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவதே தெரியாது. அன்றைக்கு எனக்கு மலையும் தெரியவில்லை, விமானமும் தெரியவில்லை. சட்டைதான் தெரிந்தது. இங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் ரேவதியின் ஊசிக்கு அடியிலிருந்து புறப்படுகிறது. பெட்டிக்குள் படுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறது. எந்தக் குடோன், எந்த ஊர், எனக்குத் தெரியாது. எங்கெங்கோ தூங்கி எழுந்து, வேளச்சேரியில் எலுமிச்சை வாசனையில் கண் விழிக்கிறது. அங்கே நான் நிற்கிறேன். வாங்கிக்கொண்டு வந்து, துவைத்து, ரேவதியின் வீட்டுக்காரரிடமே தேய்க்கக் கொடுக்கிறேன்.

அதே பெட்டியில் கூடப் படுத்திருந்த சட்டைகள் எங்கே? பனி பெய்கிற ஏதோ ஊரில் யாரோ ஒருவர் இந்த நிமிஷம் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கலாம். எள்ளில் பாதி அளவு குரோம்பேட்டை அவர் கழுத்தில் இருக்கிறது. அவருக்கு அது தெரியப் போவதே இல்லை. நினைக்க நினைக்க எனக்கு என்னவோ பறப்பது போல இருந்தது.

அப்படியானால் நான் கொடுத்த பணம் எதற்கு? எலுமிச்சை வாசனைக்குக் கொஞ்சம். படகுக்காரருக்குக் கொஞ்சம். சட்டைக்கும் சட்டைக்கும் நடுவே விட்டிருந்த காலி இடத்துக்கு நிறைய. காலி இடம் என்ன விலை விற்கிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? அந்தச் சாய்ந்த தையலுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று மட்டும் யோசிக்கப் பிடிக்கவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. ஏழு வருஷமாக மனைவி சொன்னதை நம்பாத மனிதர், நான் சொன்ன ஒரு விலையை ஒரே நிமிஷத்தில் நம்பிவிட்டார். அந்தத் தையலைப் பார்த்தே நம்பியிருக்க வேண்டாமா?

ஜெயா காபியோடு மேலே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக்கான முதல் வரியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் போனை எடுத்து ஒரு மெசேஜைக் காட்டினாள். மால் கடையின் பில். தேதி, நேரம், விலை எல்லாம் இருந்தது.

“எல்லாக் கடையிலும் என் நம்பரைச் சொல்லித்தானே உங்களுக்குப் பழக்கம்? நீங்க பார்க்கிங்ல இருந்து வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்கு வந்துடுச்சு. என்னிக்குச் சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். அப்புறம், “ரேவதிக்காகவாவது சொன்னீங்களே” என்றாள். காபியில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

அப்படியானால் காலையில் தெரிந்தேதான் குறைந்த விலையைச் சொன்னாளா? கேட்கத் தைரியம் இல்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ரேவதி இப்போது சாம்பிள் செக்‌ஷனுக்குப் போகிறார். துணிகளை ஏழுமலையே கொண்டு வருகிறார், எப்போதும் ஒரு நாள் தாமதமாக. தெருவில் இரண்டு வீட்டார் முணுமுணுக்கிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. முன்பெல்லாம் அவர் காலரை ஒரே இழுப்பில் தேய்த்துத் தள்ளுவார். இப்போது முனையிலிருந்து நடுவுக்கு நிதானமாக இஸ்திரிப் பெட்டி நகர்கிறது. பல்லாவரம் சந்தையில் வாங்கிய என் பழைய சட்டைக்குக்கூட.

முந்தாநாள் ராத்திரி எட்டு மணிக்கு சானடோரியம் நிறுத்தத்தில் ரேவதி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். முதல் முழுச் சட்டை பாஸாகிவிட்டது என்றார். அளவு எடுப்பதிலிருந்து கடைசிப் பொத்தான் வரை அவரே. சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படியானால் இப்போது முழுச் சட்டைக்கும் நீதான் பொறுப்பு, இப்போதாவது சொல், அந்த விலை நியாயமா என்று கேட்டேன்.

ரேவதி நான் போட்டிருந்த அந்த வெள்ளைச் சட்டையை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார்.

“ரொம்ப ஜாஸ்தி சார்.”

இதை ஜெயாவிடம் நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இதழ் வரும், படித்துக்கொள்வாள்.