கூரையில்லாத இடத்தில் மதியச் சாப்பாடு

லண்டனில் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கூரை போய்விட்டது. சுற்றியுள்ள தெருக்களையெல்லாம் கண்ணாடியும் இரும்புமாகத் திரும்பக் கட்டிய இந்த ஊர்க்காரர்கள், இதை மட்டும் இடிந்தபடியே விட்டு, கொடி படரவைத்து, உட்கார வாங்குகளும் போட்டிருக்கிறார்கள். மதியமானால் டை கட்டியவர்கள் வந்திருந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். இருபது வருடமாக நானும் அவர்களில் ஒருவன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்காவை இங்கே கூட்டிவந்ததில் எனக்கு ஒரு உள்நோக்கம் இருந்தது. அங்கே அக்கா குடியிருக்கும், எங்கள் இருவர் பேரிலும் உள்ள வீட்டின் முன்னறையில் போர்க்காலத்தில் ஷெல் விழுந்திருந்தது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட அக்காவுக்கு என் கையெழுத்து வேண்டும். நானோ லண்டன் புறநகரான ஹரோவில் ஹீட்டர் போட்ட வீட்டில் இருந்துகொண்டு, "அது எங்கட வரலாறு, இடிக்கக் கூடாது" என்று தொலைபேசியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நாகரிகமான மனிதர்கள் இடிபாட்டை எப்படிப் பேணுகிறார்கள் என்று காட்டினால் மனம் மாறுவார் என்பது என் கணக்கு.

அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். "சாமி இருந்த இடமெல்லே" என்றார். ஈரக் கல்லில் வெறுங்காலோடு வந்தவரைக் கண்ட ஒரு வெள்ளைக்காரர், காலில் ஏதோ அடிபட்டுவிட்டதென்று பதறி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். அக்கா கைகூப்பினார். அவரும் குழம்பிப்போய் சாண்ட்விச்சோடு கும்பிட்டார்.

அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"இவங்கள் இன்னும் இதைத் திருத்தேல்லையே?"

"வேணுமெண்டுதான் விட்டிருக்கினம், அக்கா. ஞாபகத்துக்கு."

"மழை வந்தா?"

"எழும்பிப் போயிடுவினம்."

"ஓம், அவைக்குப் போக வேற இடம் இருக்கு. நான் எங்க போறது? ஒவ்வொரு மாரிக்கும் வாளி வைச்சு ஏந்திறன் தம்பி, உன்ர வரலாற்றை."

எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா கொண்டுவந்திருந்த சம்மதக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அக்கா கைப்பையிலிருந்து புது வீட்டின் வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தார். முன்னறை இருந்த இடத்தில் ஒரு சதுரம். அதற்குள் பென்சிலால் 'தம்பியின்ர அறை' என்று எழுதியிருந்தது.

"யன்னல் எந்தப் பக்கம் வைக்க?"

அடுத்த விடுமுறைக்கும் யாழ்ப்பாணம் இல்லை, ஸ்பெயின்தான் என்று என் பிள்ளைகள் முடிவுசெய்துவிட்டார்கள். தூறல் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து அலுவலகங்களுக்குப் போனார்கள். நான் என் கோட்டைக் கழற்றி விரித்து வரைபடம் நனையாமல் பிடித்தேன்.

"கிழக்கால வையுங்கோ, அக்கா" என்றேன். "பெரிசா."