ஆற்றில் இறங்கியவள் வீடு திரும்பிய படம்

தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் ஓட்டுகிறவன் மழையைச் சமாளிக்கலாம், அட்டைக்கடியைச் சமாளிக்கலாம், நாவலைப் படித்துவிட்டு வந்து முன்னால் உட்காருகிறவரைச் சமாளிக்க முடியாது. ஐம்பதுகளில் என்னைப் போல புரொஜெக்டரோடு மலையேறி இறங்கிய கூட்டாளிகளே, நீங்களும் இவர்களிடம் மாட்டியிருப்பீர்கள்.

நான் மாட்டியது புருஷனை இழந்த ஒரு பெண்ணின் கதையால். நாவலில் அவள் ஆற்றில் விழுந்து சாகிறாள். படத்தில் இடுப்பளவு தண்ணீர் வரை போய், திரும்பி வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

ரீல் திருடன்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் படம் முடிந்ததும் பள்ளிக்கூட மாஸ்டர் நேரே என்னிடம் வந்தார். நாவலை ஊன்றிப் படித்தவர். ரீல் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். படமே அவ்வளவுதான் சார் என்றேன். நம்பாமல், பெட்டிக்கு அடியில் விரித்திருந்த சாக்கையும் உதறிப் பார்த்தார்.

படம் பிடித்ததா என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"படம் கெடக்கட்டும் தம்பி. அந்தப் பொண்ணு சாகுற ரீலை எந்தத் தோட்டத்துல வித்தீங்க?"

தகரக் கொட்டகையில் வசனம்

திம்புள்ளப் பக்கம் படம் பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்கவில்லை. தேயிலை ஃபாக்டரியை மேற்பார்க்கும் டீமேக்கர் ஐயா எழுந்தார். ஃபாக்டரி மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. கையோடு கொண்டுவந்திருந்த நாவலைப் பிரித்து, டார்ச் அடித்து, வசனத்தைத் தானே வாசிக்க ஆரம்பித்தார்.

மாமியார் கேட்ட ஒரு கேள்விக்கு நாவலில் அந்தப் பெண் பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறாள். படத்தில் மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஐயா விடவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கிழவர் எழுந்து கும்பிட்டார்.

"ஐயா, அவ போயி ஒலையும் வச்சிட்டா. நீங்க இன்னும் பேசிக்கிட்டே இருக்கீங்களே."

முதலாளியின் யோசனை

மாஸ்டரின் புகார் ஹட்டனில் இருந்த எங்கள் படக் கம்பெனி முதலாளியிடம் போனது. அடுத்த படம் கந்தப்பளையில். அந்தத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் நாவல் கட்சி. நாவல் மாதிரியே முடிய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதலாளி நாவலையும் படிக்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. ஆனாலும் வழி கண்டுபிடித்தார். அவள் தண்ணீரில் நிற்பதோடு நிறுத்திவிடு, கடைசி ரீலை வெளியே எடுக்காதே என்றார்.

நானும் அந்த நாவலைப் படித்து அழுதவன்தான். நல்ல எழுத்து. ஆனால் அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் எழுத்தாளர் ஆற்றில் தள்ளிவிட்டார் என்பது என் கட்சி. படம் எடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. இதை முதலாளியிடமும் சொன்னேன்.

"கடைசி ரீல் ஓடுச்சுன்னா நீ ஹட்டன் பக்கமே வராத. அவ செத்தா ஒனக்கென்ன, பொழச்சா ஒனக்கென்ன?"

கந்தப்பளை

எங்களிடம் இருந்தது ஒரே புரொஜெக்டர். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் லைட்டைப் போட்டு, அடுத்ததை மாட்ட வேண்டும். அவள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது லைட் வந்தது. நான் கடைசி ரீலைக் கையில் எடுத்தேன். வேலை போகும் என்று தெரியும்.

பெரிய கிளாக்கர் பார்த்துவிட்டார். "முதலாளி ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாருங்க" என்றபடி மாட்டினேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "படம் முடிஞ்சிருச்சு. அவ செத்துட்டா. எழும்பிப் போங்க."

ஒருவரும் எழும்பவில்லை. முன்னால் சாக்கில் ஒரு கொழுந்துக்காரி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கிளாக்கருக்குப் பதில் சொன்னாள்.

"அவ எப்பிடிங்கய்யா சாவா? புள்ளைய வீட்டுல விட்டுட்டுல்ல வந்திருக்கா."

அதற்குப் பிறகு நான் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன், ஆனால் எழுத்தாளர் ஆற்றில் தள்ளிய ஒருத்தியைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காக என்னைத் துரத்திய வேலை அது ஒன்றுதான்.