பேராச்சி சொல்லாமல் விட்ட வரி

"மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா? இவந்தான்ட்டி குடியக் கெடுக்கப் போறவன்" என்று பேராச்சி சொல்லி வாய் மூடுவதற்குள் திரையில் அந்த ஆள் சிகரெட்டைப் பற்றவைத்துவிடுவான். வலப்புறம் நாலு பெண்கள், இடப்புறம் நாலு பெண்கள், நடுவில் அவள். ஞாயிறு மதியக் காட்சிக்குத் தாராவியிலிருந்து மாஹிமுக்கு நடந்தே வரும் இந்தக் கூட்டத்தில் இந்தி சரளமாகப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திரையில் பேசுவது அவள் காது வழியே உள்ளே போய்த் திருநெல்வேலித் தமிழாக வாய் வழியே வெளியே வரும். அவளுக்கு டிக்கெட் எடுப்பது மற்றவர்கள் முறை. வெற்றிலை தனி.

தமிழ்ப் படம் மாட்டுங்காவில் ஓடாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடும். காலையில் கிளம்பிப் போய்விட்டால் வீட்டில் சோறு யார் பொங்குவது?

பேராச்சிக்கு முறுக்குத் தொழில். விடியும்போதே வாசலில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். பத்து மணிக்கு டின்னைத் தலையில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவாள். இந்தி படித்ததும் அங்கேதான், பேரம் பேசிப் பேசி. அதனால் சண்டையும் வாக்குவாதமும் அவள் வாயில் ஜோராக வரும். காதல் வசனம் வந்தால் கொஞ்சம் சிரமம். கதாநாயகன் மூன்று நிமிஷம் உருகுவதை "அவளக் கெட்டணுமாம்" என்று ஒரே வரியில் அடக்கிவிடுவாள். பாட்டைத் தொடவே மாட்டாள். "பாட்டுக்கு என்னத்துக்குட்டி அர்த்தம்? தலைய ஆட்டு."

கதையிலும் கை வைப்பாள். ஒரு படத்தில் இளம் விதவை ஒருத்தி வெள்ளைப் புடவையோடு அழுதுகொண்டே போய்க் கோயிலில் ஒதுங்கிவிட்டாள். பேராச்சியால் அதைப் பொறுக்க முடியவில்லை. "அந்தூர்ல ஒரு டெய்லர் இருக்கானாம். பொறவு அவனக் கெட்டிக்கிடுவா" என்றாள். விளக்குப் போட்டதும் எட்டுப் பெண்களும் திருப்தியாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

எட்டுப் பேரில் ஒருத்தி பக்கத்து வீட்டு ஹபீபா. தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்க்கும் மேலப்பாளையத்துக்காரரின் மனைவி. புராணப் படம் என்றால் ஹபீபாவுக்குத்தான் சந்தேகம் அதிகம். "எக்கா, இந்தச் சாமி ஏன் எப்பவும் படுத்தே கெடக்கு?" "ஏன், ஒம் மாப்பிள படுத்துக் கெடக்கல?" உருது வார்த்தைகள் புரண்டு வரும் படத்தில் பேராச்சி திருதிருவென்று விழித்தால், ஹபீபா முக்காட்டை விலக்கி ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பாள்.

பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டும் சர்க்கார் படங்களையும் பேராச்சி விடமாட்டாள். டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நடக்கும் கட்டடத்தைக் காட்டியபோது, "எந்தம்பி செவரு பூசுன எடம்லா அது!" என்று தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஆனால் அறுபத்துமூன்றாம் வருஷம், நோய் வராமலிருக்க அம்மை குத்துவதைப் பற்றி ஒரு சின்னப் படம் வந்தது. மேலெல்லாம் முத்துப் போட்ட ஒரு குழந்தையின் முகம் திரை அகலத்துக்கு எழுந்தது. பார்த்தவர்கள் பயப்படட்டும் என்று எடுத்திருப்பார்கள். நம் பெண்களோ எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஆத்தா படம்ட்டி" என்று சொல்லி முதல் குலவையை இட்டவள் பேராச்சி. முன்வரிசைக்காரர்கள் உட்காரச் சொல்லி "பைட்டோ, பைட்டோ" என்று கத்திச் சிரித்தார்கள்.

திரையில் டாக்டர் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. "இது தேவி இல்லை, நோய். அம்மை குத்தினால் குழந்தை பிழைக்கும்." கடைத்தெரு இந்திதான், கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதைத் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் பேராச்சி வேறொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். பம்பாய்க்கு வந்த மறு வருஷம், அம்மை குத்துகிறவர்கள் சந்துக்குள் நுழைந்தபோது, நாலு வயது மகன் சொரிமுத்துவை மாவு டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தவள் அவள். அந்தக் கோடையில் தாய்க்கும் பிள்ளைக்கும் அம்மை கண்டது. தாய் தழும்போடு எழுந்தாள். பிள்ளை எழவில்லை. "ஆத்தா பிரியப்பட்டுக் கூட்டிட்டுப் போயிட்டா" என்பதைப் பிடித்துக்கொண்டுதான் பத்து வருஷமாக அவள் உண்டு உறங்குகிறாள். அதையும் பிடுங்கிக்கொண்டால் பாவம், அவளுக்கு என்ன மிச்சம்?

மூன்று மாதம் கழித்து அதே படம் மறுபடியும் வந்தது. அதற்குள் சந்தில் இரண்டு வாசலில் வேப்பிலை ஏறியிருந்தது. அம்மை இருக்கும் இடத்தில் எண்ணெய் காயக்கூடாது என்று பேராச்சி சட்டியைக் கவிழ்த்துப் பதினோரு நாள். பக்கத்து இருக்கையில், அதே சந்தில் வாழ்க்கைப்பட்ட தம்பி மகள் பிரம்மசக்தி. அவள் மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை. முந்தின நாள் அம்மை குத்துகிறவர்கள் கதவைத் தட்டியபோது, பிரம்மசக்தி குழந்தையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு குழாயடிக்கு நழுவிவிட்டாள். திங்கட்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்கள்.

திரையில் அந்த முகம் எழுந்ததும் பெண்கள் கையெடுத்தார்கள். பிரம்மசக்திக்கு மட்டும் சந்தேகம்.

"ஆத்தா படம்னா டாக்டரு எதுக்கு நடுவுல வாறான், அத்தை? என்ன சொல்லுதான்?"

பேராச்சி ஹபீபாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹபீபாவுக்கும் அந்த வரி புரியும். அன்று அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஆத்தா இல்லங்கான்" என்றாள் பேராச்சி. "சீக்காம். கையில கீறி மருந்து வச்சா புள்ள பொழச்சிக்கிடுமாம்."

"நெசமாவா அத்தை?"

"நெசந்தான். அன்னைக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன்."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் குலவையிடவில்லை.

பெரிய படம் தொடங்கியது. கதாநாயகி ரயிலிலிருந்து இறங்கினாள். "யாருக்கா இவ? என்ன சொல்லுதா?" என்று இரண்டு பக்கமிருந்தும் கேட்டார்கள். பேராச்சி குழந்தையைத் தன் மடிக்கு வாங்கி, சட்டைக் கையை மேலே சுருட்டி, மாசு மருவில்லாத அந்தச் சின்னப் புஜத்தைத் திரை வெளிச்சத்தில் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.