கையை எடுக்காத சிறுமி

தென்காசியில் என் ஸ்டுடியோவுக்கு ஓர் ஓவியர் அம்மா வருவார். விரல் இடுக்கெல்லாம் சந்தன நிறச் சாயம். மூடிப்போன ஒரு பிள்ளைகள் காப்பகத்தின் பழைய படங்களைப் பிரிண்ட் போட்டு வாங்கி, யாரென்று தெரியக்கூடாது என்று ஒவ்வொரு முகத்தின்மேலும் அந்தச் சாயத்தைப் பூசுவார். எல்லாப் பிள்ளைக்கும் மொட்டை.

“எந்தக் கோயில்ல முடி எறக்குனாவ?” என்று கேட்டுவிட்டேன்.

“கோயில் இல்ல அண்ணாச்சி. அங்கன சேத்த அன்னைக்கே மழிச்சிருவாவ.”

ஒரு சிறுமியின் படத்தில் மட்டும் சாயம் இல்லை. உள்ளங்கையால் முகத்தைப் பொத்தியிருந்தாள்.

“இவளுக்குப் பூசலியாம்மா?”

“இவ அப்பமே வேண்டாம்னுட்டா அண்ணாச்சி. அதையும் படம் எடுத்திருக்காவ.”

அவர் பிறகு வரவில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டுப் படமெடுக்க வரும் குடும்பத்தில் ஏதாவது மொட்டைப் பிள்ளை முகத்தைப் பொத்தினால், “கைய எடு பாப்பா” என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை.