முழங்கை அண்ணன்

இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை விரித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே அவர் நடந்து வருகிறார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, இந்தப் பல்கலைக்கழக அரங்கத்தையே விலை பேச வந்தவர் போலத் தோன்றும். அளக்கிறார், அவ்வளவுதான். இரண்டு முழங்கையும் எதிலும் படாமல் போனால் வழி சரி. பட்டால் வரிசையைத் தள்ள வேண்டும்.

"இஞ்சு டேப்ப வீட்ல மறந்துட்டு வந்துடலாம். முழங்கைய மறக்க முடியுமா?" என்பார்.

அதனால் முழங்கை அண்ணன். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. அவருடைய வேலை அரங்கத்தை மாற்றுவது. காலையில் பந்து ஆடிய இடம் மதியம் தேர்வுக்கூடம். மறுநாள் பாட்டுக் கச்சேரி. மரத்தரையில் யாராவது செருப்போடு ஏறினால், தன் நெஞ்சில் ஏறியது போல முகம் சுளிப்பார். தரையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நிறத்தில் கோடு. கைப்பந்துக்கு நீலம், இறகுப்பந்துக்குப் பச்சை, கூடைப்பந்துக்குக் கறுப்பு. மனைவி புதுச்சேலை எடுத்து வந்தாலும், "நல்ல கைப்பந்து நீலம்" என்றுதான் பாராட்டுவாராம். அந்த அம்மாள் சிரிப்பதில்லை.

விழா என்றால், நடுவழிக்கு இரண்டு பக்கமும் கறுப்புக் கோட்டைப் பார்த்துச் சாம்பல் நிற விரிப்பைப் போடுவார்கள். விரிப்பின் ஓரத்தைப் பிடித்து நாற்காலிகள், பத்துப் பத்தாகக் கொக்கி மாட்டி, பின்வாசலிலிருந்து எண்ணினால் மேடை வரை நாற்பது வரிசை. விரிப்பு விழுந்த பிறகு கோடு கண்ணுக்குத் தெரியாது.

பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு நடந்த ஒத்திகைக்குச் சக்கர நாற்காலியில் ஒரு மாணவி வந்திருந்தாள். நேராக இவரிடம்தான் வந்தாள்.

"அண்ணா, போன வருஷம் என் சீனியர் அக்காவ பக்கக் கதவு வழியா சுத்திக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க பேரக் கூப்பிட்டப்போ அவங்க இன்னும் வெளிய தாழ்வாரத்துல இருந்தாங்க. நான் எல்லாரும் போற வழியிலயே போகணும்."

அவர் அவளருகே போய் நின்று, இடுப்பில் கை ஊன்றிப் பார்த்தார். சக்கரங்களை விட முழங்கைகள் நாலு விரல் அகலம்.

"நான் போனா நீயும் போகலாம்மா. போ, நிம்மதியா இரு."

விழா நாள். மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். ஒன்றரை மணிக்குக் கடைசிக் கொக்கியும் மாட்டியாயிற்று. பின்வாசலிலிருந்து மேடையை நோக்கி அவருடைய ராஜநடை தொடங்கியது. இருபத்தாறாவது வரிசையில் வலது முழங்கை ஒரு நாற்காலியில் இடித்தது. அடுத்ததில் இன்னும் நன்றாக.

துடைப்பக் கட்டையோடு நின்ற கூட்டுகிற அக்கா பார்த்துவிட்டாள். "அண்ணே, சோத்த கொஞ்சம் கொறச்சாலே வழி அகலமாயிடும்!"

அவர் சிரிக்கவில்லை. மண்டியிட்டு வலப்பக்க விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கீழே கறுப்புதான். ஆனால் கோடு இல்லை. முந்தின நாள் கராத்தே போட்டிக்காக யாரோ ஒட்டிவிட்டுப் போன கறுப்புப் பட்டை, லேசான சாய்வில். அசல் கோடு இரண்டு சாண் தள்ளி இருந்தது.

அரங்கத்தின் மேலாளர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "விடுங்கண்ணா, போட்டோல தெரியாது. அந்தப் பொண்ண பக்கக் கதவு வழியா கூட்டிட்டு வந்துடலாம்."

"முடியாதுங்க மேடம். கறுப்புன்னாலே கூடைப்பந்துன்னு கண்ண மூடிட்டு போட்டுட்டேன். தப்பு என்னோடது. அதுக்கு அந்தப் பொண்ணு ஏன் சுத்தணும்?"

"ரெண்டே காலுக்குக் கதவு திறப்பேன். அதுக்குள்ள முடியலன்னா, பக்கக் கதவுதான்."

அவர் அப்போதே கொக்கியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தள்ளு. உன் தொப்பை கொக்கிய மறைக்குது" என்றாள். நாற்காலி போடும் மற்ற ஆறு பேரும் வந்தார்கள். இருபதாவது வரிசையிலிருந்து மேடை வரை, வலப்பக்கம் முழுவதும் நகர்ந்தது. கதவு திறந்தபோது மேடையோரக் கடைசி வரிசையில் அக்கா நாற்காலி எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி நடந்து பார்க்க நேரமில்லை.

அவர் பின்வாசல் ஓரமாக நின்றுகொண்டார், அழுக்குச் சட்டையோடு, இடுப்பில் கை ஊன்றியபடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு தகப்பனார், இவ்வளவு தோரணையா என்பது போலத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கறுப்பு அங்கி சக்கரத்தில் மாட்டாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, தானே உருட்டிக்கொண்டு நடுவழியில் வந்தாள். பத்து. பதினைந்து. இருபது. முழங்கை அண்ணனின் உதடுகள் வரிசையை எண்ணின.

சக்கரம் இருபத்தாறாவது வரிசையை எட்டியபோது, அத்தனை தூரத்தில் நின்றிருந்த அவருடைய வலது முழங்கை, வழி விடுவது போல உடம்போடு ஒட்டிக்கொண்டது.