சித்தியின் சிவப்புச் சீட்டு

என் சித்தி ஒரு காலணி நிறுவனத்தில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர். பதினோரு வருஷ வேலை. அவள் கணினி ஓரத்தில் நான்கு சீட்டுகள் ஒட்டியிருக்கும். வெள்ளையில் ‘மே பரேசே’: எனக்கு அப்படித் தோன்றுகிறது. மஞ்சளில் ‘க்ரேயோ’: நினைக்கிறேன். பச்சையில் ‘ஒப்பீனோ’: இது என் கருத்து. சிவப்பில் ‘எஸ்தோய் செகூரா’: எனக்குச் சந்தேகமே இல்லை. கருத்துக்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அதற்கேற்ற சீட்டைத் தொட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

சிவப்பு, மேலாளரின் பேச்சை மொழிபெயர்க்கும்போது மட்டும். சொந்தக் கருத்தென்றால் சித்தி வெள்ளையைத் தாண்டியதே இல்லை. சித்தப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு எப்படி என்று கேட்டால், “மே பரேசே, நல்லாத்தான் இருக்கு” என்பாள். அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார்.

அந்த மாதம் குழந்தைச் செருப்புக்குப் பெரிய ஆர்டர் வருவதாக இருந்தது. நழுவினால் தையல் பிரிவுக்கு மூன்று மாதம் வேலை இல்லை. மாதிரிச் செருப்பைப் போட்டுப் பார்த்த சித்தி மகளுக்கோ குதிகாலில் கொப்புளம். வார் கடிக்கிற மாதிரி தோன்றுகிறது என்று சித்தி மேலாளரிடம் மெல்லச் சொன்னாள்.

“தோணுறதையெல்லாம் கேட்டா வியாபாரம் நடக்குமாம்மா?” என்றார் அவர்.

காணொளி அழைப்பில் வந்த, ஆர்டர் தரவிருந்த ஸ்பானிஷ்காரப் பெண்மணி மேலாளரின் புகழ்மாலையைக் கடைசிவரை கேட்டாள். பிறகு சித்தியைப் பார்த்து, உங்கள் கருத்து என்ன என்றாள். அதுவரை யாரும் சித்தியிடம் அதைக் கேட்டதில்லை. கை வழக்கம்போல வெள்ளைக்குப் போனது. மகளின் குதிகால் நினைவுக்கு வந்ததும் சிவப்புக்குத் தாவியது. வார் கடிக்கும், எஸ்தோய் செகூரா என்றாள்.

மேலாளருக்கு ஸ்பானிஷ் தெரியாது. சிவப்பு தெரியும். தம் சரக்கைத்தான் அடித்துப் பேசுகிறாள் என்று பூரித்துக் கட்டைவிரலை உயர்த்தினார். தன் சரக்கின் குறையை இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும் வியாபாரியை அந்தப் பெண்மணி பார்த்ததே இல்லையாம். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“ஆர்டர் நமக்குத்தான் சார். வாரை மட்டும் மாத்தணுமாம்.”

“எந்த வாரை?”

“நீங்க விரலைத் தூக்கினீங்களே, அதைத்தான்.”

அன்று சித்திக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டு வாசலிலேயே கட்டம் போட்ட ஆரஞ்சுச் சட்டையில் சித்தப்பா நின்றார். எப்படி இருக்கு என்றார்.

“நல்லா இல்லைங்க. எஸ்தோய் செகூரா.”

சித்தப்பா குனிந்து சட்டையைப் பார்த்தார். “இந்த ஒண்ணு மட்டுமா?”

சித்தி நேராகப் போய் பீரோவைத் திறந்தாள்.